இடது பின்சில்லில் ஒரு சத்தம்: கல்முனையிலிருந்து பொத்துவில் வரை

கல்முனையிலிருந்து பொத்துவிலுக்குத் தாங்களே கார் ஓட்டிப் போக நினைக்கிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன். ஆண்களும் வாசிக்கலாம். விசேஷமாக, வீட்டுக் கார்ச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுக் காவல் இருக்கிறவர்கள்.

போன மார்ச் மாதம், பெரும்போக நெல் வெள்ளாமை வெட்டி முடிகிற நேரம். நான் கணிதம் படிப்பிக்கிறேன். பொத்துவிலில் ஒரு பாடசாலைக்கு உப அதிபராக வரச் சம்மதமா என்று கேட்டுக் கடிதம் வந்திருந்தது. பதினான்கு வருடம் படிப்பித்த பிறகு வந்த கடிதம். திங்கட்கிழமைக்குள் பதில் கொடுக்க வேண்டும். என் கணவர் கட்டாரில் இருக்கிறார். ஏலுமென்றால் போ என்று சொல்லிவிட்டார். ஏலாது என்று சொன்னவர் என் மூத்த சகோதரன், காக்கா. ஒரு வழிக்கு அறுபத்தாறு கிலோமீற்றர், கோமாரிப் பக்கம் காடு, கார் நின்றால் ஒரு பொம்பிளை என்ன செய்வாள் என்பதையே ஒரு கிழமையாக வேறு வேறு விதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். சனிக்கிழமை உம்மாவை ஏற்றிக்கொண்டு ஒருமுறை போய் வர வேண்டும். வழியில் உதவி கேட்டு அவருக்கு ஒரு போன் கோல் எடுத்தாலும், கடிதத்துக்கு மாட்டேன் என்று பதில் எழுத வேண்டும். நான் ஒத்துக்கொண்டேன். கோபம் வந்தால் எதற்கும் ஒத்துக்கொள்கிற ஆள் நான். காக்காவும் தன் பங்குக்கு, இடது பின் டயர் தேய்ந்திருக்கிறது என்று வெள்ளிக்கிழமை காரைக் கொண்டுபோய்ப் புது டயர் போட்டுக்கொண்டு வந்தார். அதற்கு நான் நன்றியும் சொன்னேன்.

காலை 6.40க்குப் புறப்பட்டோம். முன் சீட்டு பெல்ட் கழுத்தை அறுக்கிறது என்று உம்மா பின் சீட்டில் ஏறிக்கொண்டார். கையில் தஸ்பீஹ் மணிமாலை, மடியில் இடியப்பப் பார்சல். சாய்ந்தமருதைத் தாண்டும் வரை வீதி வெறுமையாக இருந்தது. காரைதீவுச் சந்தியில் வேகத்தைக் குறைத்தபோதுதான் முதன்முதலில் கேட்டது. டக், டக், டக். பின்னாலிருந்து. வேகம் கூட்டினேன், நின்றுவிட்டது. உம்மாவும் கேட்டிருக்கிறார். அவர் கையில் தஸ்பீஹ் கொஞ்சம் வேகமாக உருண்டது.

நிந்தவூரில் வீதியின் ஒரு பாதி முழுக்க நெல் காயப் போட்டிருந்தார்கள். எதிரே பஸ் வந்ததால் அதன் மேல் ஏற்றித்தான் போக வேண்டியிருந்தது. ஒலுவில் சந்தியில் நிறுத்தியபோது நேரம் 7.20. அங்கே நின்ற ஓட்டோக்காரர் ஒருவர் சில்லைக் குனிந்து பார்க்காமலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். நெல்லும் வைக்கோலும் மாட்டியிருக்கும், இந்தப் போகத்தில் எல்லா வாகனமும் இப்படித்தான் கத்தும், ரேடியோவைக் கூட்டிவிட்டுப் போங்கள் என்றார். சத்தம் நெல்லுக்கு முன்னாலேயே, காரைதீவிலேயே தொடங்கிவிட்டது என்று சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, உம்மாவைப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சரி, நானே பார்க்கிறேன் என்று தொடங்கினேன். ஒலுவிலில் கடல் பக்கம் போகிற ஒரு குறுக்கு வீதியில் நீளமான மதில் ஒன்று இருந்தது. கண்ணாடிகளை இறக்கிவிட்டு மதிலை ஒட்டி மெள்ள ஓட்டினால், சத்தம் மதிலில் பட்டுத் திரும்பி நன்றாகக் கேட்கும். இடப்பக்கம் மதில் இருக்கும்படி ஒரு தடவை, வலப்பக்கம் இருக்கும்படி ஒரு தடவை ஓட்டினேன். உம்மாவைப் பின் சீட்டில் அங்கும் இங்கும் நகர்ந்து இருக்கச் சொன்னேன். அறுபத்து மூன்று வயதில் முழங்கால் வலியோடு நகர்ந்தார் பாவம். மூன்றாம் தடவை இடக் கதவில் காதை வைத்துக்கொண்டு, "இஞ்சதான் மனே. டயருக்குள்ள இல்ல, அதுக்கு வெளியால. டப்பாக்குள்ள காசு போட்டுக் குலுக்கிற மாதிரி" என்றார்.

நான் கவனித்தது இவ்வளவு. சில்லு ஒருமுறை சுற்றினால் ஒரு டக். இருபத்தைந்து கிலோமீற்றர் வேகத்துக்கு மேலே போனால் இல்லை. பிரேக் பிடித்தாலும் விட்டாலும் மாற்றமில்லை. அக்கரைப்பற்றில் எனக்குத் தெரிந்த இரண்டு கராஜும் அந்த நேரத்தில் திறக்கவில்லை. இங்கே என் பிழையையும் சொல்லிவிட வேண்டும். வேகமாகப் போனால் சத்தமில்லையே என்ற தைரியத்தில் ஐம்பதில் பிடித்துத் தம்பிலுவில் வரை ஓட்டினேன். அந்தப் பத்துக் கிலோமீற்றருக்குள் எதுவும் நடந்திருக்கலாம்.

தம்பிலுவிலில் வீதியோரமாக ஒரு கராஜ் திறந்திருந்தது. நேரம் 8.25. மெக்கானிக் ஐம்பது வயது மதிக்கத்தக்க, அமைதியான மனிதர். நான் சொன்னதைப் பாதி கேட்டதும் சாவியை வாங்கிக்கொண்டு திருக்கோவில் பக்கம் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். "ஒரு சத்தமும் இல்ல தங்கச்சி. தூரப் பயணம் பழக்கமில்லாட்டி அப்பிடித்தான், இல்லாததும் கேக்கும்" என்றார். அதில் நக்கல் இல்லை, அன்பாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் சுட்டது. இந்த இடத்தில் தலையாட்டிவிட்டுப் போனால் எல்லாருக்கும் நல்ல பிள்ளையாகிவிடலாம். எனக்கு அந்த நல்ல பிள்ளைப் பட்டம் வேண்டியதில்லை.

எத்தனையில் ஓட்டினீர்கள் என்று கேட்டேன். ஐம்பது, அறுபது என்றார். பத்தில் ஓட்டினால்தான் கேட்கும், சில்லின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிப் பாருங்கள் என்றேன். அதைக் கழற்றினால் கொக்கி உடையும், வீண் வேலை என்றார்.

"உடைஞ்சா என்ட மூடிதானே அண்ணன் உடையும்" என்று சொல்லிவிட்டு, அவருடைய பெட்டியிலிருந்து தட்டை ஸ்க்ரூ டிரைவரை நானே எடுத்தேன். அபாயாவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்து நெம்பினேன். மூடி ஒரு பக்கம் கழன்றதும், உள்ளேயிருந்து ஒரு நட்டு சீமெந்துத் தரையில் விழுந்து உருண்டு அவருடைய காலடியில் போய் நின்றது.

மெள்ளச் சுற்றும்போது அது மூடிக்குள் விழுந்து விழுந்து எழும்பியிருக்கிறது. வேகமாகச் சுற்றும்போது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறது. சில்லைப் பிடித்திருப்பவை மொத்தம் நான்கு நட்டுகள். மெக்கானிக் குந்தி மற்ற மூன்றையும் விரலால் தொட்டுப் பார்த்தார். இரண்டு விரலோடு சுற்றின.  பிறகு நான்காவதைக் காட்டி, "இந்த ஒண்டுதான் உங்க ரெண்டு பேரையும் இஞ்ச வரைக்கும் கொண்டு வந்திருக்கு" என்றார். உம்மா "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிக்கொண்டு அங்கே கிடந்த ஒரு பழைய டயரில் இருந்துவிட்டார்.

அவர் நான்கையும் குறுக்குக் குறுக்காக இறுக்கினார். நான் கேட்காமலேயே மற்ற மூன்று சில்லுகளின் மூடிகளையும் கழற்றிப் பார்த்தார். மெள்ள ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும், என் பிழை என்றார். அப்படிச் சொல்ல ஒரு மனம் வேண்டும். காசு வேண்டாம் என்றவரிடம் ஐந்நூறு ரூபாயைத் திணித்தேன். சும்மா வேலை செய்வித்தால் அடுத்த முறை கேள்வி கேட்க வாய் வராது.

அதன் பிறகுதான் காக்காவுக்குக் கோல் எடுத்தேன். உதவி கேட்க இல்லை, கணக்குக் கேட்க. அவர் சொல்லச் சொல்ல எனக்கு எல்லாம் விளங்கியது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் டயர் கடையில் சில்லு கழன்று கிடந்திருக்கிறது. வேலை செய்தவர் புது டயரைப் பூட்டி, நட்டுகளைக் கையால் திருகி வைத்திருக்கிறார். ஒன்றை மட்டும் ஸ்பானரால் இறுக்கிய நேரம் ஜும்ஆத் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டது. எங்கள் ஊரில் அந்த நேரம் பாதி ஷட்டர் இறங்கிவிடும், உங்களுக்குத் தெரியும். காக்காதான் தொழுதிட்டு வந்து செய்யலாம், வாங்க என்று அவரை அழைத்திருக்கிறார். தொழுகை முடிந்து முதலில் திரும்பி வந்தவர் கடை முதலாளி. வேலை முடிந்தது என்று நினைத்து மூடியை அடித்து, காரைத் தூக்கியிருந்த ஜக்கை இறக்கியிருக்கிறார். காக்கா வந்து காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்திருப்பார் என்று நம்பியிருக்கிறார்கள். என்னை மட்டும்தான் ஒருவரும் நம்பவில்லை.

 அங்கேயே நில்லு, டிரைவரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றார் காக்கா. நான் பதில் சொல்வதற்குள் உம்மா போனை வாங்கிவிட்டார். "நாங்க பொத்துவிலுக்குப் போறம். நீ வாறெண்டா பின்னால பஸ்ஸில வா" என்று சொல்லிக் கட் பண்ணிவிட்டு, போனைத் தன் பையிலேயே போட்டுக்கொண்டார்.

9.15க்குத் தம்பிலுவிலை விட்டோம். கோமாரிக்கு அங்கால் காட்டுக்குள் கண்ணாடிகளை இறக்கிவிட்டு வேண்டுமென்றே பத்தில் ஓட்டினேன். காற்றும் டயர் சத்தமும் மட்டும்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, உம்மாவுக்குத் தெரியாமல் துடைத்துக்கொண்டேன். 10.20க்குப் பாடசாலை வாசலில் நிறுத்தி, காருக்குள்ளேயே இடியப்பத்தைச் சாப்பிட்டோம். மாலை 3.40க்கு வீடு. திங்கட்கிழமை காலை சம்மதக் கடிதத்தைக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இந்தப் பாதையில் போகிறவர்களுக்கு: அக்கரைப்பற்றில் டாங்கியை நிரப்புங்கள், போய்வர என் சின்னக் காருக்கு எட்டு லீற்றர் போனது. அறுவடைக் காலத்தில் வீதி பாதிதான், அரை மணி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். சில்லுக் கழற்றிப் பூட்டினால் ஐம்பது கிலோமீற்றருக்குள் மறுபடி இறுக்க வேண்டும். யார் பூட்டினாலும் புறப்படுமுன் நீங்களே ஸ்பானரைப் போட்டுப் பாருங்கள். சத்தம் வேகத்தில் மறைந்தால் நல்லதென்று நினைக்க வேண்டாம், உடனே நிறுத்துங்கள். இல்லை என்று யார் சொன்னாலும், உங்கள் காதுக்குக் கேட்டால் அது இருக்கிறது.

காக்கா இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்டு வாங்கவில்லை. ஆனால் போன கிழமை வாசலில் வந்து நின்று, தன்னுடைய வேனில் பின்னால் ஏதோ சத்தம், ஒருக்கா ஓட்டிப் பார்க்க ஏலுமா என்று கேட்டார். சாவியை வாங்கிக்கொண்டு அவரைப் பின் சீட்டில் ஏறச் சொன்னேன்.