போடாத தழை

இன்றைக்குக் கம்பம் பக்கம் சைக்கிளில் போகிற பிள்ளைகளுக்குப் பாதை என்றால் ஒன்றுதான். சக்கரம் உருண்டால் பாதை, உருளாவிட்டால் காடு. மலைமேல் பெரியாற்றில் அணை கட்டிக்கொண்டிருந்த வருஷங்களில் ஏறி இறங்கிய எங்களுக்கு அப்படி இல்லை. வண்டித் தடத்தில் இரண்டு பள்ளமும் நடுவில் புல் மேடும் இருக்கும். பொதிமாட்டுப் பாதை ஏற்றத்தைக் கண்டால் வளைந்து வளைந்து போகும். குளம்பு பட்டுப் பட்டுக் கல் வழுக்கும். ஆள் நடக்கிற ஒற்றையடிப் பாதை வீடு சேரும் அவசரத்தில் நேராக இறங்கும், முட்டியை வாங்கிவிடும். எல்லாவற்றிலும் சுகமானது யானைத் தடம். நல்ல அகலம், நிழல், காலுக்கு இதமான சரிவு. ஆனால் அது ஊருக்கு வராது, தண்ணீருக்குப் போகும்.

இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

அணை முகாமில் நான் எழுத்து வேலை பார்த்தேன். என் தங்கையின் புருஷன் அங்கேயே கல் உடைத்தான். அவனை வேலைக்குக் கூட்டிப்போனதும் நான்தான். மழை விட்டதும் காய்ச்சல் வந்தது. அவனுக்கும் வந்தது. ஊருக்குக் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று இரண்டு பேரும் காலையில் இறங்கினோம்.

பாதி வழியில் ஒரு சுனை. மேலே ஏறிக்கொண்டிருந்த கூலிக்காரர்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். காய்ச்சலிலும் அவனுக்கு வாய் ஓயவில்லை.

"எங்க மச்சானப் பாருங்க. பேனாவத் தூக்குனதுக்கே இப்படி மூச்சு வாங்குறாக. காய்ச்சலு மட்டும் வெவரமா கல்லு தூக்குனவனத் தேடி வருது."

அவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அவன் சொன்னது உண்மை. ஓட்டுக் கூரைக்கு அடியில் நான் தூங்கினேன், ஈரத் தரையில் அவன் தூங்கினான்.

"மாப்பிள்ளை, நீ மெல்ல வா. நான் முன்னால போயி அடிவாரத்துல வண்டிய நிறுத்துறேன்" என்றேன்.

"போங்க மச்சான். பிரியுற எடத்துல தழை போட்டுட்டுப் போங்க. எனக்குக் கண்ணு ரெண்டு ரெண்டாத் தெரியுது."

பாதை பிரியும் இடத்தில் முன்னால் போகிறவன் ஒரு பச்சைக் கிளையை ஒடித்து, போகக்கூடாத பாதையின் குறுக்கே போட்டு, மேலே கல் வைத்துவிட்டுப் போவது மலைவழக்கம். பின்னால் வருகிறவன் அதைத் தாண்டமாட்டான். யானைத் தடம் பிரியும் இடத்தில் நானும் கிளையை ஒடித்தேன். அவனுக்குச் சொல்லியிருக்கவேண்டிய பதிலை மனசுக்குள் கோத்துக்கொண்டே, முகத்தில் மொய்த்த ஈயை அந்தக் கிளையால் விரட்டிக்கொண்டே நடந்தேன்.

அடிவாரத்தில் வண்டிக்காரர் கேட்டார்: "கையில என்னய்யா, சாமிக்குத் தழையா?"

அப்போதுதான் பார்த்தேன். இலை வாடியிருந்தது.

திரும்பி ஏறியிருக்கலாம். வெளிச்சம் இருந்தது. கால் வலித்தது, யானைக்குப் பயமாகவும் இருந்தது. எத்தனை தடவை இறங்கின மலை, அவனுக்குத் தெரியாதா என்று வண்டியில் ஏறி உட்கார்ந்து காத்திருந்தேன். அவன் வரவில்லை.

சில நாள் கழித்துத் தேன் எடுக்கப் போனவர்கள் யானைகள் நீர் குடிக்கும் சேற்று ஓரத்தில் அவனைக் கண்டார்கள். உயிர் போயிருந்தது. உடம்பில் யானை மிதித்த காயம்கூட இல்லை.

தங்கை அழவில்லை. "அண்ணே, தழை போட்டீகளா?" என்று மட்டும் கேட்டாள்.

"போட்டேன்" என்றேன்.

அந்த ஒரு சொல்லை வைத்து ஊர் மற்றதை முடிவுசெய்துகொண்டது. "தழையத் தாண்டி ஒருத்தன் போவானா? சாகணும்னு நெனச்சவன்தான் போவான்" என்றார் ஒருவர். எல்லாரும் தலையாட்டினார்கள். தானாகச் சாவைத் தேடிப் போனவனுக்கு எங்கள் கிறிஸ்தவ வேதக்காரர் கல்லறையில் இடமில்லை. மதிலுக்கு வெளியே, கள்ளிப் புதரோரம் புதைத்தார்கள். நான் குழிக்குப் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கோவிலில் சாமியாரிடம் மண்டியிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன். கோபம், பொய், பொறாமை என்று சின்னச் சின்னதாகச் சொல்லிவிட்டு எழுந்துவந்தேன்.

தங்கை சாகும்வரை ஞாயிறு பூசை முடிந்ததும் மதிலைச் சுற்றி அந்தக் குழிக்குப் போவாள். ஒருமுறை மறைந்து நின்று கேட்டேன். "என்ன குறை வச்சேன், அப்படிப் போயிட்டீக?" என்று மண்ணைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

போன வருஷம் அவளை மதிலுக்கு உள்ளே புதைத்தோம். மதிலோரம் அவள் ஒருத்தியின் கால் பட்டே ஓர் ஒற்றையடிப் பாதை உண்டாகியிருந்தது. இந்த மழைக்கு அதைப் புல் மூடிக்கொண்டுவிட்டது. நான் அதில் ஒரு தடவையும் நடந்ததில்லை.