ஒரே உருளி, இரண்டு கல்யாணம்: சாலைக் கடைத்தெருவில் ஒரு நாள்

மற்றவர் சொல்லி நீங்கள் கேள்விப்படும் முன் நானே சொல்லிவிடுகிறேன். நாகர்கோவிலில் வாடகைப் பாத்திரக் கடை நடத்தும் நான், 2009 வைகாசியில் ஒரே பாயச உருளியை ஒரே நாளில் இரண்டு கல்யாணத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டேன். இரண்டாவது வீட்டில் வெந்நீர் அண்டாவில் பாயசம் காய்ச்சினார்கள். "இன்னொரு தடவை இப்படி நடந்தா கடைக்குப் பூட்டுதான்" என்றார் என் வீட்டுக்காரர். ஆவணி முகூர்த்தங்களோ வரிசை கட்டி நின்றன. அதனால் ஆனியிலேயே திருவனந்தபுரம் கிளம்பினேன். அங்கே சாலைக் கடைத்தெருவில் என் கொழுந்தன் செல்வத்துக்கும் இதே தொழில்தான். கம்ப்யூட்டர் வைத்து ஜமாய்க்கிறான் என்று கேள்வி.

காலை ஆறரை பாசஞ்சர், டிக்கெட் பன்னிரண்டு ரூபாய், எழுபது கிலோமீட்டர். எட்டே முக்காலுக்கு இறங்கி ஆட்டோக்காரரிடம் சாலை என்றேன். "நடக்கான் உள்ளதே உள்ளூ, சேச்சி" என்றார். வந்த சவாரியை நடக்கச் சொல்லும் ஆட்டோக்காரரை அன்றுதான் பார்த்தேன். பதினைந்து நிமிட நடை.

கடையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று. "இதுக்குள்ளயா எல்லாப் பாத்திரமும் இருக்கு?" என்றேன்.

"இதுக்குள்ள ஒண்ணுமில்ல மதினி. எல்லாம் கம்பெனிக்காரன்கிட்ட. நாம இன்டர்நெட்ல பாக்கோம், மாசம் முந்நூறு ரூபா வாடகை. நம்ம உருளிய ஜனங்க விலைக்கா வாங்குது? ஓட்டை விழுந்தா அடைக்கதும் நாமதானே. இதும் அதுபோலத்தான் கேட்டோ."

இருபது வருஷமாக வாடகைக்கு விடுகிறவளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

அப்போது ஒருவர் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குப் பெரிய உருளி கேட்டு வந்தார். திரையில் உருளி பச்சையாக இருந்தது. செல்வம் பெயரை அடிப்பதற்குள் சிவப்பாகிவிட்டது. நாற்பது கிலோமீட்டர் தள்ளி வித்துரா கிளையில் இருக்கும் அவன் பெண்டாட்டி, அந்த நொடியில்தான் அதை வேறொரு கல்யாணத்துக்குப் பதிந்திருக்கிறாள்.

"பெரிசு போயாச்சு அண்ணா, நடுத்தரம் ரெண்டு தரட்டா?" என்றான். அவரும் சரி என்று போனார். என் நோட்டாக இருந்தால் அன்றைக்கும் வெந்நீர் அண்டாதான்.

பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. "என்ன கொழுந்தனாரே, எல்லாக் கல்யாணமும் நின்னுபோச்சா?" என்று சிரித்தேன். அவன் அடுத்த தெருவில் ஜெனரேட்டர் ஓடும் பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப்போனான். மணிக்கு இருபது ரூபாய். பாஸ்வேர்டைத் தட்டியதும் அத்தனை உருளியும் அங்கே வந்து நின்றன. வாயை மூடிக்கொண்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

"சும்மா ஒரு ஆர்டர் போட்டுப் பழகுங்க மதினி." போட்டேன். அதற்கடுத்த ஞாயிறு, பெரிய உருளி, என் பெயர், என் வீட்டு விலாசம்.

ஊர் திரும்பிய மறுநாளே நானும் அந்த முந்நூறு ரூபாய் வாடகையில் சேர்ந்துவிட்டேன். ஆவணி முழுக்க ஒரு கரண்டிகூட இரண்டு வீட்டுக்குப் போகவில்லை. கடையும் திறந்திருக்கிறது, வீட்டுக்காரரும் பூட்டைப் பற்றிப் பேசுவதில்லை. எட்டாம் வகுப்பைத் தாண்டாத எனக்கே ஒரு மத்தியானத்தில் கைவந்தது, உங்களுக்கு என்ன? சேருமுன் பாத்திரப் பட்டியலைச் சரியாக எழுதி வையுங்கள். நாளைக்கு வேண்டாமென்று விலகினால் நம் பட்டியல் நம் கைக்கு வருமா என்று முதலிலேயே கேளுங்கள். பழகப் போட்ட ஆர்டரை அழித்துவிட்டு எழுந்திருங்கள்.

நான் அழிக்கவில்லை. அந்த ஞாயிறு செல்வம் வித்துராவில் இருந்தான். கடை ஆட்கள் திரையில் உள்ளபடி ஏற்றி அனுப்பிவிட்டார்கள். காலை ஏழு மணிக்கு வேன் என் வாசலில் நின்றது, நாலு பேர் பிடித்து உருளியை இறக்கினார்கள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர். பாயசம் வைத்தோம்.