வியாகுலம் கடித்த ஈயம்

துயரத்தின் தாயான வியாகுல மாதாவின் பெயரை வைத்துக்கொண்டு, குளச்சல் கடற்கரையிலேயே அதிகமாகச் சிரித்தவள் என் பக்கத்து வீட்டு வியாகுலம்தான். சிரித்தால் பல் அத்தனையும் தெரியும். அந்தப் பல்லில் அவளுக்குக் கர்வமும் உண்டு. வீச்சுவலையின் ஓரக் கயிற்றில், வலை தண்ணீரில் அமிழ்வதற்கான ஈயத் தகட்டை மடித்து வைத்து, நறுக்கென்று கடித்து இறுக்குவாள். குறடு இறுக்கிய ஈயம் கழன்றுபோகும், வியாகுலம் கடித்தது கழலாது என்று ஊரே வலையைத் தூக்கிக்கொண்டு அவள் முற்றத்துக்கு வரும்.

முதல் இரண்டு கருவும் தங்கவில்லை. அப்போது மட்டும்தான் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் நின்றது. முப்பத்தொன்றில் மூன்றாவதாக உண்டானாள். புருஷன் சிலுவைமுத்து கோயில் கோயிலாக மெழுகுவர்த்தி நேர்ந்தார். அவளோ மடியில் வலையோடு உட்கார்ந்திருந்தாள்.

அவளைப் பார்க்க வந்த மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் நேசம்மாள், அவள் சிரித்தபோது ஈறோரத்தில் நீலமாக ஒரு கோடு ஓடுவதைக் கண்டுவிட்டாள்.

"ஏட்டி, வாயில என்னத்த கடிக்கே?"

"ஈயந்தான் அக்கா. நான் முழுங்கவா செய்யேன்? துப்பிருவேனே!"

"துப்பினாலும் எச்சியோட உள்ள போவும் மக்கா. வயித்துப் பிள்ளைக்கு அது விஷமாக்கும்."

வியாகுலம் அதற்கும் சிரித்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு பெட்டைக்கோழி வந்து ஈயத் துணுக்குகளைக் கிளற, "சூ! சூ!" என்று துடைப்பத்தை வீசினாள்.

"கோழிய ஏன் வெரட்டுதே?"

"ஈயத்தக் கொத்தினா கழுத்து தொங்கிப் போவும் அக்கா. போன வருசம் ரெண்டு செத்துது. அதுக்கு அடை வச்ச முட்டைகூட..."

பாதியில் நிறுத்திவிட்டாள். கை வயிற்றுக்குப் போனது. பக்கத்து முற்றத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்த நான் எழுந்து வந்து, அவள் மடியிலிருந்த வலையை எடுத்து அப்பால் வைத்தேன்.

மறுநாளே சிலுவைமுத்து ஈயத்தையெல்லாம் கடற்கரைக் குடிசைக்கு மாற்றினார். அங்கே தானே ஈயம் இறுக்க உட்கார்ந்து, குறடு பிடிக்கத் தெரியாமல் தன் விரலையே நாலு தடவை நசுக்கிக்கொண்டார். உடம்பில் ஊறின பழைய ஈயம் என்ன செய்யுமோ என்று நேசம்மாளும் பயந்துகொண்டேதான் இருந்தாள். பிரசவம் வரை எங்களுக்கும் சோறு இறங்கவில்லை. கடைசியில் தெருவே கேட்க அலறிக்கொண்டு ஒரு பெண்பிள்ளை பிறந்தது.

பிள்ளை தவழ்கிற வயதில் ஒரு நாள், மறதியில் சிலுவைமுத்து தோளில் வலையோடு முற்றத்துக்குள் வந்துவிட்டார். வியாகுலம் துடைப்பத்தை எடுத்தாள். "சூ! சூ!"

"நான் என்ன கோழியாட்டி?"

"கோழிக்காவது சொன்னா ஏறும். வலைய வெளியில போட்டுட்டு, கையக் கழுவிட்டு வாரும். பிள்ள காத்துக் கெடக்கு."

அவர் கழுவிவிட்டுக் கையை நீட்டினார். பிள்ளை அம்மாவைப் போலவே வாயைத் திறந்து சிரித்தது. கீழ் ஈறில் இரண்டே பல், பச்சரிசி வெள்ளை.