நிற்கிறவருக்கு ஒரு டீ

துபாயில் ஜெபல் அலிக்குப் போகும் வழியில் டீ குடிக்க ஒரு மாலுக்குள் நுழைகிறேன். அங்குள்ள டீக்கடையைக் காலையில் இப்போதுதான் திறந்திருக்கிறார்கள். ஐரோப்பாவின் பழைய தேநீர் விடுதிகளைக் காட்டும் தபால் அட்டைகளைப் பெரிதாக்கிச் சுவர் முழுக்க மாட்டியிருக்கிறார்கள். வியன்னா படத்தில் தொப்பி வைத்த சீமாட்டிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஓரமாகத் தட்டேந்தி ஒரு சர்வர் நிற்கிறார். படமெடுக்கும்போது அசைந்துவிட்டார் போல, முகம் கலங்கியிருக்கிறது. அதற்குக் கீழே மேசையில் ஆவி பறக்கும் ஒரு கோப்பை டீ.

நான் அங்கே உட்காரப் போகிறேன்.

“அந்த டேபிள் வேண்டாம் சார்,” என்கிறார் கடையின் சர்வர் முருகேசன், சிவகங்கைக்காரர். “கடை தொறந்ததும் போடுற மொத டீ அவருக்கு.”

“யாருக்கு?”

“ஓரமா நிக்கிறாரே, அவருக்குத்தான். உக்காந்திருக்கவங்களுக்கு அவரு குடுத்திருப்பாரு. அவருக்கு யாரு சார் குடுத்திருப்பா?”

பக்கத்து மேசையைத் துடைத்தபடியே சொல்கிறார்: “எங்கப்பாவும் ஓட்டல்ல சப்ளையர்தான். போன மாசம் தவறிட்டாரு. காரியத்துக்கு லீவு குடுக்கல.”

என் டீ வருகிறது. படத்துக்குக் கீழே இருக்கும் கோப்பையில் ஆவி அடங்கும்வரை என் டீயைத் தொடாமல் காத்திருக்கிறேன்.