கல்கிக்குப் பக்கத்தில் ஒரு வில்லன்

கொலுப்படியில் ஒரு வில்லன் ஏறி உட்கார்ந்துவிட்டால் அவனை இறக்க முடியுமா? முடியாது. போன நவராத்திரியில் எங்கள் வீட்டில் முயற்சி செய்து பார்த்துவிட்டேன்.

முதலில் ரகுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி வசந்தியின் தம்பி. அடையாறில் ஃபிளாட், வங்கியில் அதிகாரி, தலையில் பாதி வழுக்கை. இதையெல்லாம் வைத்து அவன் வீட்டு அலமாரியில் என்ன இருக்கும் என்று உங்களால் யூகிக்கவே முடியாது. பொம்மைகள்! ஆங்கிலப் படங்களில் வரும் வீரர்கள், வில்லன்கள், ரோபோக்கள், பறக்கும் மிருகங்கள்... எல்லாம் பெட்டிக்குள் இருக்கும். ஒன்றைக்கூடப் பிரித்ததில்லை.

'லிமிடெட் எடிஷன்' என்று வருமாம். ஸ்டீல் டப்பாவில் படத்தின் டிஸ்க், கூடவே அந்தப் படத்தில் வரும் ஒருவனின் பொம்மை, அதற்கு மேல் அட்டைப் பெட்டி, அதற்கும் மேல் கண்ணாடித் தாள். அந்தத் தாள் கிழிந்தால் போச்சு — மதிப்பே கிடையாதாம்.

"அப்ப டிஸ்க்கைப் போட்டுப் பார்க்கறது எப்படிடா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"படத்தை ஃபோன்லயே பார்த்துட்டேன், அத்திம்பேர்."

"பிளேயர் இருக்கோல்லியோ?"

"வாங்கல. வாங்கினா பிரிக்கத் தோணும்."

சிரிக்காதீர்கள். நாம் மட்டும் என்னவாம்? ஃபிரிட்ஜ் வாங்கி அதன் கைப்பிடியில் ஒட்டிய பிளாஸ்டிக்கை உரிக்காமலே காலம் தள்ளுகிறவர்கள்தானே? எங்கள் வீட்டு டிவி ரிமோட் இன்றைக்கும் உறைக்குள்தான் வாழ்கிறது. ரகு நம்மைவிட இரண்டடி முன்னால் போகிறான், அவ்வளவுதான்.

அதில் ஒரு வரிசை, ஏதோ ஒரு கிரகத்தை ஆளும் ஏழு சகோதரர்களின் கதை. ஏழு படம், ஏழு பொம்மை. ஆறு ரகுவிடம் இருந்தன. ஏழாமவன், கடைக்குட்டி, ஊரில் வேறு யாருக்கும் கிடைக்கவில்லை, இவனுக்குக் கிடைத்துவிட்டான். நவராத்திரி முடிந்த ஞாயிற்றுக்கிழமை தி.நகரில் ஒரு ஹாலில் இந்தப் பைத்தியங்கள் எல்லாம் கூடுகிறார்கள். அங்கே ஏழு பெட்டியையும், கண்ணாடித் தாளில் ஒரு கீறல் இல்லாமல், வரிசையாக வைப்பதாக வாட்ஸப் குரூப்பில் ரகு அறிவித்தும் விட்டான். வருஷக்கணக்கில் அவன் காத்திருந்தது இதற்குத்தான்.

பார்சல் வருவது மட்டும் மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு. "சுதா ஒரு பார்வை பார்ப்பா, அத்திம்பேர். அதைத் தாங்க முடியாது" என்றான். சுதா அவன் மனைவி.

மகாளய அமாவாசை அன்று பார்சல் வந்தது. கொண்டுவந்தவர் நல்ல மனிதர்.

"சார், பொட்டி ஒண்ணு கீது. ஒடையற சாமான்னு மேல போட்டுக்கீது, பாத்து வெச்சுக்கோ சார்."

பார்த்துத்தான் வைத்தேன். கூடத்தில், கொலுவுக்காகப் பரணிலிருந்து இறக்கிய பெட்டிகளுக்குப் பக்கத்தில்! வேறு எங்கேயாவது வைத்திருக்கக் கூடாதா? அது அப்போது தோன்றவில்லை. தேங்காய் வெற்றிலை வாங்க மாட வீதிக்குப் போய், கூட்டத்தில் இடிபட்டு, ஒரு காபியும் குடித்துவிட்டுத் திரும்பினேன். கொலு தயார். கலசமும் வைத்தாகிவிட்டது.

வசந்தி வாசலுக்கே வந்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது.

"எத்தனை வருஷமாச் சொல்லிண்டிருக்கேன், புதுசா ஒரு பொம்மையாவது நீங்களா வாங்கிண்டு வாங்கோன்னு! சொல்லாம கொள்ளாம வாங்கி வெச்சிருக்கேளே!"

எட்டிப் பார்த்தேன். தசாவதார செட்டில் கல்கிக்குப் பக்கத்தில் கடைக்குட்டி நின்றுகொண்டிருந்தான். நீல உடம்பு. நான்கு கை. தலையில் கிரீடம். ஒரு கையில் சக்கரம் மாதிரி ஏதோ ஒன்று. மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவள் வேறு என்ன நினைப்பாள்? படத்தில் அவன் மூன்று கிரகங்களைப் பொடியாக்கியவன் என்பது ரகு சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அந்தக் கலங்கிய கண்களைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்ல முடியுமா? உங்களால் முடியும் என்றால் நீங்கள் மகாத்மா. நான், "பிடிச்சிருக்கா?" என்றேன்.

"இது எந்தக் கோயில் பெருமாள்?"

"வடக்கே... ரொம்ப வடக்கே."

மெதுவாக அவனைப் படியிலிருந்து எடுக்கக் கை நீட்டினேன். "படியில வெச்ச பொம்மையை விஜயதசமி வரைக்கும் அசைக்கப்படாது!" என்று அதட்டல் வந்தது. கையை மடக்கிக்கொண்டேன்.

அதற்குள் ரகுவின் ஃபோன்.

"அத்திம்பேர், வந்துடுத்தா? பத்திரமா இருக்கா?"

"ரொம்பப் பத்திரமா இருக்கு. சுத்தி சீரியல் லைட்டே போட்டிருக்கோம்" என்றேன். ஜோக் என்று நினைத்துச் சிரித்தான், பாவம்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் ரகுவும் சுதாவும் தாம்பூலத்துக்கு வந்தார்கள். அவர்கள் உள்ளே நுழைந்த நேரம், மாடி வீட்டு மாமி கொலுவின் முன் உட்கார்ந்து ஹிந்தோளத்தில் உருகிக்கொண்டிருந்தார். உருகியது யாரைப் பார்த்து? சாட்சாத் அந்தக் கிரகப் பொடியனைப் பார்த்து. அவன் நெற்றியில் சந்தனம், குங்குமம் வேறு.

ரகு என் முழங்கையைப் பிடித்து சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"அத்திம்பேர்... பெட்டி எங்கே?"

"குப்பை வண்டியில போயிடுத்துடா."

"டிஸ்க்?"

நான் கூடத்தைக் காட்டினேன். கொலுவுக்கு முன்னால் வசந்தி மணல் கொட்டி பார்க் போட்டிருந்தாள். நடுவில் பளபளவென்று ஒரு வட்டக் குளம். அதில் மூன்று பிளாஸ்டிக் வாத்துகள். குளம் எதனால் ஆனது என்று ரகுவுக்குப் புரிந்துவிட்டது.

அவன் கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை. டம்ளரில் தண்ணீர் பிடித்துக் குடித்தான். முகம் சின்னக் குழந்தை மாதிரி ஆகிவிட்டது. எனக்கு நிஜமாகவே மனசு கஷ்டப்பட்டது. அது அவனுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும் என்றுதானே, என்னை நம்பி எங்கள் வீட்டுக்கு அனுப்பச் சொன்னான்?

"பரவால்ல, அத்திம்பேர்" என்றான் கடைசியில். "மத்த ஆறு பேர் பிரிக்காம இருக்காளே. அதுவே இந்த ஊர்ல யார்கிட்டயும் கிடையாது. அதை வெச்சுச் சமாளிச்சுக்கறேன்."

கூடத்துக்குத் திரும்பினோம். மாமி பாடி முடித்துக் கிளம்பியிருந்தார். ஆளுக்கொரு தொன்னையில் சுண்டல் கொடுத்தாள் வசந்தி. சுதா படிக்குப் பக்கத்தில் நின்று நீலனை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இவன் ஏன் சுவரைப் பார்த்துண்டிருக்கான்? இவனுக்குக் கழுத்து திரும்பும். இப்படித் திருப்பி விடுங்கோ, வர்றவாளைப் பார்த்துண்டு நிப்பான்."

"உனக்கெப்படித் தெரியும்?" என்றாள் வசந்தி.

"இவனோட அண்ணா ஆறு பேருக்கும் திரும்பறதே!"

வாய்க்குப் போன ரகுவின் கை பாதியில் நின்றது. "அதெல்லாம் சீல் பண்ணின பெட்டியாச்சேடி?"

சுதா கொஞ்சம்கூட அலட்டிக்கொள்ளவில்லை.

"சரஸ்வதி பூஜைக்கு ஆத்துல இருக்கற மிக்ஸிக்குப் பொட்டு வைக்கறேன். உங்க ஸ்கூட்டருக்கு வைக்கறேன். உங்க பொம்மைகளுக்கு மட்டும் வைக்காம விட்டுட முடியுமா? வருஷா வருஷம் எடுத்துத் துடைச்சு, வெளியில தெரியாம உள்ளங்கால்ல ஒரு பொட்டு வெச்சு, திருப்பி உள்ள வெச்சுடுவேன்."

"கண்ணாடித் தாள்?"

"ரங்கநாதன் தெருவுல ரோல் கிடைக்கறது. சுத்தி, ஹேர் டிரையரைக் காட்டினா கம்பெனில பண்ணின மாதிரியே இறுகிடும். நீங்களே கண்டுபிடிக்கலையே!"

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்தான். பூஜையில பாரபட்சம் பார்ப்பாளா?"

இன்றைக்கு அடையாறில் போர்தான் என்று முடிவு கட்டினேன். அதற்குள் வசந்தி என் பக்கம் திரும்பினாள்.

"ஏன்னா, அண்ணா ஆறு பேரும் ரகு ஆத்துல இருந்தா, தம்பி மட்டும் எப்படி நீங்க வாங்கினவன் ஆனான்?"

நான் குளத்து வாத்துகளைப் பார்த்தேன். வேறு என்ன செய்வது? அந்த விசாரணை இன்னும் முடியவில்லை. அதை இங்கே எழுதினால் இந்தப் பக்கம் போதாது.

தாம்பூலம் வாங்கிக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். லிஃப்ட் வரை நானும் போனேன். ரகு தலையைக் குனிந்தபடி செருப்பைப் பார்த்துக்கொண்டே நின்றான். ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவன் சுதாவிடம் திரும்பினான்.

"ஏய்... மூணாமவனுக்கு முதுகுல சிறகுன்னு பெட்டியில எழுதியிருக்கும். அது விரியுமா?"

"விரியுமே! உள்பக்கம் பூராத் தங்கக் கலர். வெளிச்சத்துல காட்டினா அவ்வளவு அழகா இருக்கும்."

"நெஜமாவா?"

"ஆமாம். அஞ்சாமவன் கண்ணை மூடித் திறப்பான், தெரியுமா?"

"அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?" என்றான் ரகு. குரலில் கோபம் இல்லை, ஏக்கம்தான் இருந்தது.

லிஃப்ட் வந்தது. ஏறினார்கள். கதவு மூடும்போது அவன் கேட்டது எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது.

"ஆத்துக்குப் போனதும் எனக்கும் ஒருதரம் எடுத்துக் காட்டறியா?"

அலமாரிக்குச் சொந்தக்காரன் கேட்கிற கேள்வியா இது!