சனிக்கிழமைக்குள் ஒரு பிஸ்டன் சீல்

அந்தோனியார் அறியச் சத்தியம்! இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. குட்டி நீராவி எஞ்சின் கட்டுகிற வேலையைப் போல மனிசனைக் களைக்க வைக்கிற வேலை வேறில்லை. பித்தளையை ஒரு கிழமையில் கடைந்துவிடலாம். பிஸ்டனைச் சுற்றி ஆவி ஒழுகாமல் அடைக்கிற அந்தச் சின்ன சீல் அமைவதற்குத்தான் ஆயுள் போதாது. இதே எஞ்சின் வருத்தம் பிடித்த உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஒரு வருசமாக ஓடாத என் எஞ்சினுக்கு மனிசி பிலோமினா தவணை வைத்தாள். சனிக்கிழமை பழைய இரும்புக்காரன் வருவான். அதற்குள் ஓடாவிட்டால் அவனோடு போகும்.

ரப்பர் வளையம்

நானாட்டானுக்கு பஸ் ஏறி, உழவு மெசின் சாமான் கடையில் மோதிர அளவில் ஒரு கறுத்த ரப்பர் வளையம் வாங்கினேன். கையால் தள்ள, பிஸ்டன் வழுக்கிக்கொண்டு போனது. ஆவி பட்டதும் ரப்பர் ஊதியது பாருங்கோ, பிஸ்டன் இறுகிப்போனது. உயிலங்குளத்திலிருந்து உழவு மெசின் கொண்டுவந்து கட்டி இழுத்தோம். மெசின்தான் பின்னுக்கு வந்தது. எஞ்சினை மடியில் வைத்துக்கொண்டு திரும்பவும் பஸ் ஏறினேன். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"ஐயா, இது எண்ணெய்க்குச் செய்த சாமான். நீங்கள் அதை அவிச்சுப்போட்டு வந்து என்னோட சண்டை பிடிக்கிறியள்."

வலைநூல்

பக்கத்து வளவுச் சூசை கடற்தொழில் செய்கிறவன். அந்தக் காலத்து எஞ்சின்களுக்கு நூல்தான் சுற்றுவார்களாம் என்று வலைநூல் ஒரு பந்து தந்தான். இறுக்கிச் சுற்றினேன். இப்போதைய வலையெல்லாம் நைலோன் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் நினைவு வரவில்லை. சூட்டில் அது சுருங்கி ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டது. ஒழுகின ஆவியில் பிலோமினா மூன்று நீத்துப்பெட்டி பிட்டு அவித்தாள். குனிந்து நூல் சுற்றினதில் எனக்கு இடுப்பை நிமிர்த்த ஏலவில்லை. சூசை சம்மணம் போட்டிருந்து இரண்டாம் தரமும் வாங்கினான்.

"அண்ணை, இதை இப்பிடியே விடுங்கோ. பிட்டு நல்ல மெது."

திரி

சனிக்கிழமை விடிந்தது. பருத்தி வேண்டும், வீட்டில் தையல் நூல்கூட நைலோன். பிலோமினா பூசைக்குப் போன கையோடு அலுமாரியைத் திறந்தேன். சேலைக்குள் சுற்றினபடி மந்திரித்த மெழுகுதிரி. என் கடைசி மூச்சு நேரம் கையில் கொளுத்திப் பிடிக்க என்று அவள் பத்திரப்படுத்தினது. சுடுதண்ணீரில் இளக்கித் திரியை உருவினேன். மெழுகு ஊறிய அருமையான பருத்தி! அதைப் பிஸ்டனில் இறுக்கிச் சுற்றினேன். நுனியில் மட்டும் ஒரு திரித்துண்டைச் செருகி, மெழுகுதிரியைப் பழையபடி சேலைக்குள் வைத்தேன்.

பிலோமினாவும் இரும்புக்காரனும் ஒன்றாகவே படலை வாசலுக்கு வந்தார்கள். ஆவியைத் திறந்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. எஞ்சின் சில்லு சுழன்ற காற்றில் இரும்புக்காரனின் தராசு இலுப்பைக்கடவைப் பக்கம் பறந்தது. அவன் அதைத் தேடி ஓட, பிலோமினா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"நான் மன்றாடினது வீண் போகேல்லை. உங்கட கடைசி மூச்சு வரைக்கும் இது ஓடட்டும்."

எஞ்சின் இப்போது நிற்காமல் ஓடுகிறது, நான்தான் நிம்மதியாகச் சாகவும் வழியில்லாமல் இருக்கிறேன். அவள் அந்த மெழுகுதிரியைக் கொளுத்திப் பார்க்கிற நாள் வரைக்கும் இதை ஆர் சொன்னது என்று ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ.