கீழே என்றால் எங்கே

எங்கள் மல்லேஸ்வரத்தில் ‘கீழே’ என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். வீட்டுக்காரர் கீழே, குடித்தனக்காரர் மாடியில். கீழே இருப்பவருக்குக் கேட், செடி, தண்ணீர்த் தொட்டி, அதிகாரம் எல்லாம் உண்டு. படி மட்டும் கிடையாது. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன, இனி படி ஏறி இறங்கவே கூடாது என்று டாக்டர் சொன்னபோதுகூட நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. நான்தான் கீழே இருக்கிறேனே!

அந்தச் சமயம் பார்த்து என் கணவர், ஓய்வு பெற்ற கையோடு, கார்வார் பக்கம் கடலைப் பார்த்த மலைச்சரிவில் ஒரு நிலத்தை வாங்கிவிட்டு வந்து நின்றார். அலைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்க வேண்டும் என்பது அவருடைய ஆயுள்கால ஆசை. சரி, அவர் இருக்கிற இடத்தில் நானும் இருந்துவிட்டுப் போகிறேன் என்று தலையாட்டினேன். வீட்டை வரைந்து கொடுக்க வந்த கன்னடப் பெண்ணிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “நனகெ கெளகேனே ரூம் பேக்கம்மா.” எனக்குக் கீழேதான் அறை வேண்டும். பாவம், அவளும் அப்படியே வரைந்துவிட்டாள்.

படம் வந்தது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. உச்சியில் கார் நின்றது.

“மொட்டை மாடியில எதுக்கும்மா காரு?”

“அது மாடி இல்ல ஆன்ட்டி, வாசல். ரோடு மேலதானே இருக்கு? வீடு அங்கேர்ந்து கீழ இறங்குது.”

வாசலில் நுழைந்தால் ஹால். ஒரு மாடி இறங்கினால் சமையலறை. இன்னொரு மாடி இறங்கினால் கடலைப் பார்த்த படுக்கையறை. மாடி இறங்கி வீட்டுக்குள் போவதாவது! காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பிக்கூடப் பார்த்தேன். அப்படியும் என் அறைக்கும் வாசலுக்கும் நடுவே அதே படிகள்தான். ஒரு தடவை இறங்கினால் அப்புறம் தெருவையே பார்க்க முடியாது. லிஃப்ட் வைத்தால் உப்புக் காற்றில் அடிக்கடி மக்கர் பண்ணும், அதை நம்ப வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள்.

“அப்ப என்னை மேல போடும்மா” என்றேன். சொன்னதும் எனக்கே குழம்பியது. அவள் ஹாலை ஒட்டிப் பென்சிலால் எனக்கு ஓர் அறை போட்டாள். அங்கே அலைச் சத்தம் கேட்குமா என்று கேட்டேன். லாரிச் சத்தம்தான் கேட்குமாம்.

கணவரின் முகம் மலர்ந்துவிட்டது. “பிரச்னை தீர்ந்துது! நீ மேல சௌகரியமா இரு. நான் கீழ படுத்துக்கறேன். தினம் காலைல வந்து உன்னைப் பார்த்துட்டுப் போறேன்.”

பார்த்துட்டுப் போறேன். ஆஸ்பத்திரியில் கிடக்கிற ஒன்றுவிட்ட அத்தையைப் பற்றித்தான் அப்படிச் சொல்வோம். சொன்னது அவருக்கே உறைக்கவில்லை; பென்சிலை வாங்கிக்கொண்டு காகிதத்தின் மேல் குனிந்துவிட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபமா பயமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவருடைய குறட்டையைத் திட்டிக்கொண்டே தூங்குகிறவள் நான்.

“ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கற மாதிரி அந்த வீட்டுல ஒரு மாடியும் இல்லையாம்மா?” என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

அவள் படத்தைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். “அதை அங்கிள்தான் சொல்லணும் ஆன்ட்டி.”

அங்கிள் காதில் எதுவும் விழவில்லை. கீழறையில், ஜன்னலை ஒட்டி, ஒரு கட்டில் வரைந்துகொண்டிருந்தார். ஒருவர் மட்டும் படுக்கிற கட்டில்.